வைஃபை வேகத்துக்கு எதை அளப்பது: ஸ்பீட்டெஸ்டா, ஐபெர்ஃபா, பிங்கா?

நொய்யல்கரை: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு வைஃபை போட்டுக் கொடுத்தேனுங்க. லேப்டாப்பில் லிங்க் (வைஃபை இணைப்பு வேகம்) 866 எம்பிபிஎஸ் என்று காட்டுகிறது. ஸ்பீட்டெஸ்ட் 95ஐத் தாண்டவில்லை. இன்டர்நெட் லைன் 100 எம்பிபிஎஸ். "மீதி எங்கப்பா போச்சு?" என்று ஓனர் பில்லைப் பிடித்து வைத்திருக்கிறார். எதை அளந்து காட்டுவது?

பீளமேட்டான்: 100 லைனில் 95 வந்தால் லைன் நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். வைஃபையைத் தனியாகப் பாருங்க. ஆக்சஸ் பாயின்ட்டோடு (வைஃபை கொடுக்கிற பெட்டி) கிகாபிட் கேபிளில் ஒரு பிசி, அதில் ஐபெர்ஃப்3 சர்வர்; ரெண்டு மெஷினுக்கு நடுவில் வேகம் அளக்கிற டூல் அது. லேப்டாப்பிலிருந்து 30 விநாடி, அப்புறம் எதிர்த்திசையில் 30 விநாடி. 500, 600 வந்தால் நல்ல செட்டப். முழு 866 யாருக்கும் வராது. ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருத்தர்தான் பேச முடியும். காத்திருப்பு, 'வந்துவிட்டது' என்கிற அக்னாலெட்ஜ்மென்ட் எல்லாம் அதில்தான் கழியும்.

ஊத்துக்குளி வெண்ணெய்: ஞாயிற்றுக்கிழமை காலி ஹாலில் 600 எடுத்து என்னங்க பிரயோஜனம்? பேக்கிங் பையனின் பார்கோடு ஸ்கேனருக்கு 1 எம்பிபிஎஸ்ஸே அதிகம். ஷிப்மென்ட் நாள் சாயங்காலம் அயர்ன் டேபிள் பக்கம் நின்று பிங் (சின்ன பாக்கெட் அனுப்பிப் பதில் வரும் நேரம் பார்ப்பது) ஓட விடுங்க. எத்தனை விழுகிறது, எத்தனை மில்லிசெகண்ட் ஆடுகிறது, அதுதான் அளவு.

பீளமேட்டான்: ஐபெர்ஃபின் யுடிபி டெஸ்டில் (பதிலுக்குக் காத்திருக்காமல் அனுப்புவது) ஜிட்டர் என்கிற தாமத ஆட்டம், இழப்பு இரண்டுமே வருமே.

ஊத்துக்குளி வெண்ணெய்: யுடிபி ஓட்டிவிட்டு "1.05 எம்பிபிஎஸ்தான் வருது" என்று ஸ்கிரீன்ஷாட் அனுப்புகிற ஆட்களைத்தான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்!

பீளமேட்டான்: எவ்வளவு வேகம் என்று சொல்லாமல் ஓட்டினால் அது 1 எம்பிபிஎஸ்தான் அனுப்பும். டூல் என்ன பண்ணும்?

ஊத்துக்குளி வெண்ணெய்: சரி, இதுக்குச் சொல்லுங்க. கடைசி மூலையில் ஒரு போன் 6 எம்பிபிஎஸ்ஸில் தொத்திக்கொண்டிருக்கிறது. 1500 பைட் பாக்கெட் ஒன்றை அனுப்ப அதுக்கு 2 மில்லிசெகண்ட். உங்கள் 866 லேப்டாப்புக்கு அதே பைட்டுகள் சுமார் 14 மைக்ரோசெகண்டில் போய்விடும். ஆனால் சேனல் கிடைக்கிற வாய்ப்பு ரெண்டுக்கும் ஏறக்குறைய சமம். அந்தப் போன் ஒரு வீடியோவை ஏற்றினால் ஹாலே திணறும். ஒத்தை லேப்டாப் டெஸ்டில் இது எங்கே தெரியும்?

பீளமேட்டான்: லேப்டாப் பல பாக்கெட்டைக் கோத்து ஒரே தடவையில் அனுப்பும், நீங்க சொல்கிற அளவு மோசமாகப் போகாது. வேண்டுமானால் மூலைப் போனில் ஒரு டெஸ்ட், லேப்டாப்பில் ஒரு டெஸ்ட் என்று சேர்த்தே ஓட்டட்டும்.

நொய்யல்கரை: ஓனருக்கு ஒரே நம்பர்தானுங்க வேணும்.

பீளமேட்டான்: வேலை நேரத்தில் கட்டிங் டேபிளில் நின்று ரெண்டு திசையும் எடுங்க. குறைந்ததை எழுதிக் கொடுங்க.

ஊத்துக்குளி வெண்ணெய்: பேக்கிங்கில் எடுங்க. கட்டிங்கில் யாருங்க ஸ்கேன் பண்றாங்க?