கதை உதவி: துரத்தல் காட்சியில் வேகம் குறையாமல் தகவல் தாமதத்தைக் கொண்டுவருவது எப்படி?

கேட்டவர் (தருமபுரி):
விண்வெளி சாகசத் தொடர்கதை ஒன்று எழுதுகிறேன். கப்பலின் பெயர் பரிசல், கேப்டன் மாதம்மாள், கூட ஒரு பைலட், ஒரு இன்ஜினியர், ஒரு டாக்டர். சீரிஸ் குறுங்கோளில் இருந்து மருந்துச் சரக்கோடு வியாழனின் நிலவு யூரோப்பாவுக்கு ஓடுகிறார்கள், பின்னால் கொள்ளைக் கப்பல். கேப்டன் பூமியில் உள்ள தலைமையிடத்தோடு பேசிப்பேசித்தான் ஒவ்வொரு முடிவும் எடுக்கிறாள். கிருஷ்ணகிரியில் இருக்கும் என் அக்கா படித்துவிட்டு, அவ்வளவு தூரத்தில் இருந்து போனில் பேசுகிற மாதிரி எப்படி உடனே பதில் வரும் என்று கேட்டுவிட்டாள். உண்மைப்படி எழுதினால் காட்சி படுத்துவிடுமே, என்ன செய்யலாம்? விண்கற்களுக்குள் புகுந்து தப்பிக்கிற இடமும் இருக்கிறது, அதை மட்டும் எடுக்கச் சொல்லாதீர்கள்.

பதில் 1 (ஓசூர்):
உங்க அக்கா கேட்டது சரிதான். வியாழன் பக்கத்தில் இருந்து பூமிக்கு வெளிச்சமே வந்து சேர 33 முதல் 54 நிமிடம் ஆகும், ரேடியோவும் அதே வேகம். கேள்வி போய் பதில் திரும்ப எப்படியும் ஒரு மணி நேரத்துக்கு மேல். ஆனால் பின்னால் வருகிறவன் 3 லட்சம் கிலோமீட்டரில் இருந்தால் அவன் குரல் ஒரே விநாடியில் கேட்கும். அதாவது மாதம்மாளால் உடனுக்குடன் பேச முடிகிற ஒரே ஆள் எதிரிதான்! தலைமையிடத்தின் உத்தரவு வரும்போது அது எந்த நிலைமைக்குச் சொல்லப்பட்டதோ அந்த நிலைமையே மாறியிருக்கும், அதைக் கேட்பதா தூக்கிப்போடுவதா என்று கேப்டன் முடிவு பண்ணணும். இதில் வேகம் எங்கே குறையுது?

பதில் 2 (தொப்பூர் பக்கம், லாரி வைத்திருக்கிறேன்):
தம்பி, கப்பல் எப்படி நிற்கும் என்று எழுதவே இல்லையே. கணவாயில் லோடு வண்டியை மேலேயே கியரைக் குறைத்துத்தான் இறக்கணும், வளைவு வந்த பிறகு பிரேக்கை நம்பினால் கதை முடிந்தது. என் பையன் கணக்குப் போட்டுக் கொடுத்தான்: 60 கோடி கிலோமீட்டர் தூரம், பூமியில் இருக்கிற அளவு எடை தெரிகிற மாதிரி விடாமல் இன்ஜின் ஓடுது என்று வைத்தால் மொத்தம் ஆறு நாள் பயணம். பாதி வழியில் வேகம் விநாடிக்கு சுமார் 2,400 கிலோமீட்டர். அங்கேயே கப்பலை முன்பின்னாகத் திருப்பி, மீதி மூன்று நாளும் இன்ஜினாலேயே வேகத்தைக் குறைக்கணும். இப்போ யார் முதலில் திருப்புவது? நீங்க திருப்பினதும் அவன் நெருங்கிவிடுவான். அவன் திருப்பாமலே வந்தால் யூரோப்பாவில் நிற்க முடியாமல் தாண்டிப் போய்விடுவான். எனக்கு இதுதான் துரத்தல்.

பதில் 3:
விண்கல் இடம் பற்றி. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் இருக்கிற கற்கள் ஒன்றுக்கொன்று சராசரியாகப் பல லட்சம் கிலோமீட்டர் தள்ளியே இருக்கும். 1972-ல் கிளம்பிய பயனியர் 10 என்ற ஆளில்லா விண்கலம் அந்தப் பகுதியைச் சேதமில்லாமல் கடந்துபோனது. நெருக்கமாகக் கல் வேண்டுமென்றால் சனியின் வளையத்துக்குப் போங்க, அங்கே தூசி முதல் வீடு அளவு வரை பனிக்கட்டிகள் உண்டு.

கேட்டவர்:
சனிக்குப் போனால் பாதிக் கதையை மாற்றணும், அது முடியாது. கற்களை விட மனசில்லை, இப்போதுதான் உடைந்து சிதறிய ஒரு குறுங்கோளைப் பக்கத்தில் வைத்துச் சமாளிக்கிறேன். எதிரியோடு பேசுகிற விஷயமும் அண்ணன் சொன்ன திருப்பமும் பிரமாதம், ஏழாம் அத்தியாயத்தையே அதைச் சுற்றி எழுதப்போகிறேன். ஒரு சந்தேகம்: திருப்பும்போது உள்ளே இருப்பவர்களுக்கு எடை இருக்குமா? அந்த நேரத்தில் டாக்டர் பைலட்டுக்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டிருக்கிறாள்.

பதில் 1 (ஓசூர்):
இருக்காது. இன்ஜினை அணைத்துவிட்டுத்தான் திருப்பணும், அணைத்ததும் எடை போய்விடும், கட்டிவைக்காத எல்லாம் மிதக்கும். ரத்தம் கீழே வழியாது, வெட்டிய இடத்திலேயே உருண்டையாக ஒட்டி நிற்கும், தட்டினால் துளித்துளியாக அறை முழுக்கப் பறக்கும். அதனால் சிகிச்சையை முன்னாடியே முடித்துவிடலாம், இல்லை கத்தி உள்ளே இருக்கும்போதே கேப்டனைத் திருப்ப வைக்கலாம். நானாக இருந்தால் இரண்டாவதைத்தான் எழுதுவேன், மயக்கத்தில் கிடப்பவன் பைலட் என்பதால் திருப்ப வேண்டியதும் கேப்டனேதான்.