சூடானதும் ஆஃப் ஆகும் பழைய பெட்ரோல் கார்: பம்ப்பை மாற்றுவதற்கு முன் எப்படி உறுதி செய்வது?

கேள்வி – பழைய_வண்டி

2007 மாடல், 1.1 லிட்டர் பெட்ரோல், எம்பிஎஃப்ஐ (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர்). 1,84,000 கி.மீ. ஓடியிருக்கிறது. காலையில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகிவிடும். முக்கால் மணி நேரம் ஓடியபின், 60-ல் போய்க்கொண்டிருக்கும்போதே பட்டென்று ஆஃப் ஆகிறது. செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் பிடிப்பதில்லை. பானெட்டைத் திறந்து 20 நிமிஷம் ஆறவிட்டால் மறுபடி ஸ்டார்ட் ஆகிறது.

இது தவிர, சிக்னலில் ஏசி போட்டு நின்றால் ஆர்பிஎம் 500-க்கு இறங்கி, நடுங்கி அணைகிறது. அப்போது மட்டும் உடனே ஸ்டார்ட் ஆகிறது. செக் இன்ஜின் விளக்கு எரியவில்லை. பிளக், ஏர் ஃபில்டர், பெட்ரோல் ஃபில்டர் மாற்றியாயிற்று. ஃபியூல் பம்ப்பை மாற்றச் சொல்கிறார்கள். அதுதானா என்று தெரியாமல் அவ்வளவு செலவு செய்ய மனமில்லை.

பதில் – டேப்பெட்

நீங்கள் சொல்வது இரண்டு வேறு கோளாறுகள். ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஓட்டத்தில் நிற்பதை முதலில் பாருங்கள், ஆபத்து அதில்தான். இன்ஜின் நின்றதும் பவர் ஸ்டீயரிங் இறுகும். பிரேக் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்கம் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் வரும். விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்தி ஓரம் கட்டுங்கள். வண்டி உருளும்போது சாவியை லாக் வரை திருப்பக் கூடாது.

பெட்ரோல் குறைந்து நிற்கிற வண்டி பெரும்பாலும் முன்கூட்டியே காட்டிவிடும்: இழுவை குறையும், ஜெர்க் அடிக்கும், பிறகுதான் நிற்கும். சுவிட்சை அணைத்ததுபோல் நின்றால் கிராங்க் சென்சார் (இன்ஜின் சுற்றுவதை அதன் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சென்சார்), மெயின் ரிலே (கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் மின் சுவிட்ச்), இக்னிஷன் லைன் ஆகியவற்றின் மீதுதான் முதல் சந்தேகம் விழ வேண்டும்.

ஆஃப் ஆன அந்த இடத்திலேயே, சூடு ஆறுவதற்குள், இதைச் செய்யுங்கள். சாவியை ஆன் மட்டும் செய்து பின்சீட் பக்கம் காது கொடுங்கள். இரண்டு நொடி ‘ங்ஙீ’ என்று பம்ப் ஓடும் சத்தம் வருகிறதா? அடுத்து செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள் கொஞ்சமாவது எழுகிறதா? பல வண்டிகளில் 200, 300 வரை எழும். அசையாமல் பூஜ்யத்தில் கிடந்தால் கிராங்க் சிக்னல் வரவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். மூன்றாவதாக, ஸ்பார்க் டெஸ்டர் மாட்டிப் பொறி வருகிறதா என்று பாருங்கள்.

பம்ப்பின் மீது வீண்பழி விழுவது இங்கேதான். கிராங்க் சிக்னல் இல்லாவிட்டால் ஈசியு (இன்ஜின் கம்ப்யூட்டர்) பம்ப் ரிலேயையும் அணைத்துவிடும். செல்ஃப் அடிக்கும்போது பம்ப் ஓடவில்லை என்பதை மட்டும் வைத்துப் பம்ப்பை மாற்றினால், புதுப் பம்ப்போடும் வண்டி நடுரோட்டில் நிற்கும்.

பதில் – மல்டிமீட்டர்

மேலே சொன்னது சரி. அளவுகளைச் சேர்த்துக்கிறேன்.

கிராங்க் சென்சார் கப்ளரை (வயர் மாட்டுற பிளக்) கழட்டி எத்தனை பின்னுன்னு எண்ணுங்க. ரெண்டு பின் சுருள் வகைன்னா ஓம்ஸ் பார்க்கலாம். பெரும்பாலும் 500-லிருந்து 1,500-க்குள்ள இருக்கும், உங்க வண்டி மேனுவல் அளவுதான் முடிவு. ஆறியிருக்கும்போது ஒரு அளவு, ஆஃப் ஆன நிமிஷம் இன்னொரு அளவு எடுங்க. சூட்டில் சுருள் உள்ளே விலகும், ஆறினா ஒட்டிக்கும். காலையில் பட்டறையில் பார்த்து ‘நல்லாத்தான் இருக்கு’ன்னு சொல்றதுக்குக் காரணம் இதுதான். மூணு பின் ஹால் வகைக்கு (சுருளுக்குப் பதிலா உள்ளே எலக்ட்ரானிக் சிப் இருக்கும்) ஓம்ஸ் பார்க்கவே கூடாது. சப்ளையும் எர்த்தும் வருதா, செல்ஃப் அடிக்கும்போது சிக்னல் துடிக்குதான்னு பாருங்க.

பம்ப்புக்குக் கப்ளரைக் கழட்டி 12 வோல்ட் வருதுன்னு பார்க்கிறதில் பிரயோஜனம் இல்லை. மாட்டின நிலையில், பம்ப் ஓடும்போது கப்ளரின் பின்பக்கமா மீட்டர் ஊசி விட்டு அளக்கணும். பேட்டரியைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறைஞ்சா வயரிங், ரிலே, எர்த் பாயின்ட்டில் கோளாறு. ரிலே மூடியைத் திறந்து சால்டரைப் பாருங்க, பின்னைச் சுத்தி முடி மாதிரி வளையக் கீறல் இருக்கும். பெரும்பாலான எம்பிஎஃப்ஐ வண்டிகளில் பெட்ரோல் அழுத்தம் 3 பார் சுமார். டேங்கைக் கால் பாகத்துக்குக் கீழே விடாதீங்க, பம்ப் குளிர்வதே பெட்ரோலில் மூழ்கியிருக்கிறதாலதான்.

விளக்கு எரியலைங்கிறதை நம்ப வேண்டாம். நம்ம நாட்டில் ஓபிடி-2 (வண்டி தன் கோளாறைத் தானே கண்டுபிடிச்சு ஸ்கேனருக்குச் சொல்ற பொது முறை) கட்டாயமானதே 2013-லதான். 2007 வண்டியில் மலிவான ப்ளூடூத் ஸ்கேனர் பேசாமலே போகலாம்.

பதில் – ஐடில்_850

ஐடிலிங் பிரச்சினைக்கு வருகிறேன். ஏசி கம்ப்ரசர் கடிக்கும்போது கூடுதல் காற்று உள்ளே போக வேண்டும். த்ராட்டில் பாடியிலும் (இன்ஜினுக்குக் காற்று போகும் வாய்) ஐஏசி வால்விலும் (ஐடிலில் காற்றின் அளவைக் கூட்டிக் குறைக்கும் வால்வு) கார்பன் படிந்தால் அந்தக் காற்று போகாது, ஆர்பிஎம் விழும். த்ராட்டில் பிளேட்டின் ஓரத்தில் கறுப்பு வளையம் தெரியும். த்ராட்டில் பாடி க்ளீனரைத் துணியில் நனைத்துத் துடையுங்கள். ஐஏசி ஊசியைக் கையால் இழுக்கவோ அழுத்தவோ கூடாது, உள்ளே பல் உடைந்துவிடும். மாட்டும்போது கேஸ்கட் புதிது போடுங்கள். பிறகு பேட்டரி நெகட்டிவை 10 நிமிஷம் கழற்றிவைத்து, மாட்டியபின் ஏசி இல்லாமல் 10 நிமிஷம், ஏசியோடு 5 நிமிஷம் ஐடிலில் ஓடவிடுங்கள்.

அப்படியும் சரியாகவில்லையென்றால் ஏர் லீக் பாருங்கள்: பிரேக் பூஸ்டர் ஓஸ், பிசிவி ஓஸ் (இன்ஜின் உள் ஆவியை மேனிஃபோல்டுக்குக் கொண்டுபோகும் ஓஸ்) வளைவு, மேனிஃபோல்டு கேஸ்கட். இத்தனை கிலோமீட்டர் ஓடிய வண்டியில் டேப்பெட் செட்டிங்கையும் (வால்வு இடைவெளி) விடாதீர்கள். ஹைட்ராலிக் டேப்பெட் (இடைவெளியைத் தானே சரிசெய்வது) இல்லாத இன்ஜினில் வால்வு சீட் தேயத் தேய எக்ஸாஸ்ட் இடைவெளி குறையும். சூட்டில் வால்வு முழுதாக மூடாமல் கம்ப்ரஷன் இறங்கும்.

கேள்வி கேட்டவர் – பழைய_வண்டி

இன்று நின்றபோதே பார்த்தேன். சாவி ஆன் செய்ததும் பம்ப் சத்தம் வந்தது. முள் அசையவில்லை, ஸ்பார்க் இல்லை. சென்சார் இரண்டு பின். ஆறியபோது 870 ஓம்ஸ், சூட்டில் மீட்டர் ஓஎல் (சுருள் அறுந்து இணைப்பில்லை) காட்டுகிறது. த்ராட்டில் சுத்தம் செய்தபின் ஏசியோடு 850-ல் நிற்கிறது.

பதில் – மல்டிமீட்டர்

அப்போ சென்சார்தான். மாத்தும்போது பழைய சென்சார் முனையில் ஒட்டியிருக்கிற இரும்புத்தூளையும், உட்காரும் துளையையும் துடைச்சிடுங்க, அழுக்கிருந்தா இடைவெளி மாறும். சுத்தியலால் தட்டி ஏத்தாதீங்க. ஓ-ரிங்கில் சொட்டு ஆயில் விட்டாக் கையால் இறங்கும். வயரைச் சைலன்சர் பக்கம் தொங்கவிடாம பழைய கிளிப்பிலேயே மாட்டுங்க. கப்ளருக்குள்ள ஆயில் இறங்கியிருந்தா கான்டாக்ட் க்ளீனர் அடிச்சுக் காயவிடுங்க. கழட்டின சென்சாரை ஹேர் டிரையரால் சூடாக்கி ஓம்ஸ் பாருங்க. அதில் ஓஎல் வரலைன்னா, கப்ளரிலிருந்து ஈசியு வரைக்கும் வயரைச் சூட்டில் ஆட்டிப் பார்க்காம வண்டியை வெளியூருக்கு எடுக்காதீங்க.