பித்தப்பை ஆபரேஷன்: ட்ரெயின் ட்யூப் வைக்கணுமா, வேண்டாமா?

வணக்கம். குரூப்புல சர்ஜன், நர்ஸ் எல்லாம் இருக்கீங்கன்னு தெரிஞ்சு கேக்குறேன். எங்க ஆத்தாவுக்கு 61 வயசு, கானாடுகாத்தான்ல இருக்காங்க. பித்தப்பையில கல்லு. வர்ற வியாழக்கிழமை காரைக்குடியில லேப்ராஸ்கோப்பி, அதாவது சின்னச் சின்னத் துளை போட்டு, கேமரா வச்சுப் பித்தப்பையை எடுக்கிற ஆபரேஷன்.

இங்க டாக்டர், "எதுக்கும் இருக்கட்டும், வயித்துல ஒரு ட்யூப் வச்சிருவோம், மறுநாள் எடுத்துரலாம்"ங்கிறார். ஸ்கேனை மதுரையில காட்டினா, "சிக்கலில்லாத கேஸுக்கு அது எதுக்கு?"ன்னுட்டாங்க. ரெண்டு பேருமே அனுபவசாலிங்க.

உள்ள ரத்தமோ பித்தநீரோ கசிஞ்சா வெளிய வரட்டும், நமக்கும் தெரியட்டும்னுதான் ட்யூப். ஆனா 2013ல வந்த காக்ரேன் தொகுப்பாய்வு (பல ஆராய்ச்சி முடிவுகளை ஒண்ணாச் சேர்த்துப் பாக்குறது), சிக்கலில்லாத லேப்ராஸ்கோப்பிக்கு வழக்கமா ட்யூப் வைக்க ஆதாரம் இல்லைன்னு சொல்லுது. வலி கூடலாம், அந்த ஓட்டை வழியா கிருமியும் தொத்தலாம். ட்யூப் அடைச்சுக்கிட்டா, கசிவே இல்லைன்னு ஏமாந்தும் போகலாம். பித்தப்பை ரொம்ப வீங்கியிருந்து, பிரிச்செடுக்கக் கஷ்டப்பட்டு, கசியுமோன்னு சந்தேகம் வந்தா வைக்கிறது வேற கதை. அதை உள்ள பாத்துட்டுத்தானே முடிவு பண்ணணும்?

இதை டாக்டர்கிட்ட அவர் மனசு கோணாம எப்படிக் கேக்குறது? ட்யூப் வச்சவங்களுக்கு எத்தனை நாள் இருந்துச்சு, எடுக்கும்போது வலிச்சுதா? வைக்காம வந்தவங்க வீட்டுல காய்ச்சல், வயித்துவலி, மஞ்சக்கண்ணு தவிர வேற என்ன கவனிச்சீங்க?

ஆத்தாவுக்கு இந்தக் கவலையே இல்லை. அடுத்த மாசம் படைப்புக்கு (முன்னோர்களைக் கும்பிடுறது) எண்ணெயில பொரிச்ச கந்தரப்பம் சாப்பிடலாமான்னுதான் கேக்குறாங்க. அதுக்கும் யாராவது பதில் சொல்லுங்க.