மரப்பாச்சிக்குச் சிவப்புத் தொப்பி

குழு: மஞ்சக்குப்பம் வீடு

மஞ்சக்குப்பம் சித்தி: கொலுப்படி கட்டும் மகாளய அமாவாசைக்கு 12 நாள்தான் இருக்கிறது. நேற்று மரப்பாச்சி ஜோடியைப் பெட்டியிலிருந்து எடுத்தேன், ராஜா வேட்டியைப் பூச்சி அரித்திருக்கிறது, ராணி புடவை தொட்ட இடமெல்லாம் கிழிகிறது. கடையில் தைத்து விற்கும் ஜோடி ஒரே பளபளப்பு, எனக்குப் பிடிக்கவே இல்லை.

லாஸ்பேட்டை அக்கா: வாங்காதீங்க சித்தி, நாமே செய்யலாம். பாப்பா இந்த முறை ராஜா ராணி வேண்டாமாம், பாண்டிச்சேரி வீடு வைக்கணுமாம். ராஜா போலீஸ். பீச் ரோட்டில் போலீஸ்காரர் போட்டிருந்த சிவப்புத் தொப்பியைப் பார்த்ததிலிருந்து வேறு பேச்சே இல்லை.

பெரியப்பா: மரப்பாச்சிக்குப் போலீஸ் தொப்பியா? எங்கள் அம்மா இருந்திருந்தால் ஒத்துக்கொண்டிருப்பாரா?

முத்தியால்பேட்டை அத்தை: அம்மா இருந்திருந்தால் இந்நேரம் தொப்பியைத் தைத்தே முடித்திருப்பார் அண்ணே. சரி, பொம்மை எவ்வளவு உயரம்? ஸ்கேல் வைத்துச் சொல்லம்மா, கண்ணால் பார்த்துச் சொல்லாதே.

மஞ்சக்குப்பம் சித்தி: சரியாக 10 இன்ச், அண்ணி.

முத்தியால்பேட்டை அத்தை: அஞ்சடி ஆள் 60 இன்ச். அப்போ ஆறில் ஒரு பங்கு. இனிமேல் எதையும் குப்பையில் போடும் முன் ஆறால் பெருக்கிப் பாருங்கள். தீப்பெட்டி நீளம் 5 செ.மீ., பெருக்கினால் 30, அது மேசை இழுப்பறை. மூன்று மூன்றாக இரண்டு அடுக்கு ஒட்டி, ஒவ்வொன்றிலும் பழைய தோட்டுத் திருகாணியைக் குத்திவிட்டால் பிடி வைத்த அலமாரி ரெடி. தண்ணீர் பாட்டில் மூடி 3 செ.மீ., அதாவது 18, சோறு பொங்கும் பாத்திரம். பக்கத்தில் உள்ள வரிகள்தான் காட்டிக்கொடுக்கும், அதனால் பிஸ்கட் பாக்கெட்டின் வெள்ளித்தாளைச் சுற்றிவிட வேண்டும்.

நான்: ஹாஸ்டலில் காலி மாத்திரை அட்டை நிறைய கிடக்கிறது, எடுத்து வரவா?

முத்தியால்பேட்டை அத்தை: கொண்டு வா. ஒவ்வொரு குழியும் ஒரு கிண்ணம். வெட்டிய ஓரம் பிளேடு மாதிரி கிழிக்கும், உப்புத்தாளால் தேய்த்த பிறகுதான் பாப்பா கையில் கொடுக்க வேண்டும்.

மஞ்சக்குப்பம் சித்தி: புடவைக்கு ரவிக்கைத் துண்டு எடுத்து வைத்திருக்கிறேன் அண்ணி.

முத்தியால்பேட்டை அத்தை: அங்கேதான் எல்லாரும் கோட்டை விடுவது. ஐந்தரை மீட்டரை ஆறால் வகுத்தால் 92 செ.மீ., அகலம் 19, அதெல்லாம் சுலபமாக வெட்டிவிடலாம், ஆனால் துணியின் கனம் ஆறில் ஒன்றாகக் குறையாதே! ரவிக்கைத் துணியில் கொசுவம் வைத்தால் ராணி போர்வை போர்த்திய மாதிரி நிற்பாள். துவைத்துத் துவைத்து நைந்த வேட்டியோ பழைய துப்பட்டாவோ எடு. கொசுவம் மூன்றே மூன்று, மேலே நூலால் கட்டு. கஞ்சி போட்ட ஈரத் துணியைப் பொம்மை மேல் காயவிடாதே, மரத்தின் சிவப்பு துணியில் இறங்கும். பொம்மை இடுப்பு அளவுக்கு ஒரு பாட்டில் எடுத்து அதில் சுற்றிக் காயவை. பூப் போட்ட துணி என்றால் மிளகு அளவுப் பூ போதும், பெரிய பூ வந்தால் திரைச்சீலைதான்.

லாஸ்பேட்டை அக்கா: நான் ஒரு கூத்து பண்ணிவிட்டேன். அவசரத்துக்கு, உடனே ஒட்டுகிற பசையைப் பருத்தித் துணியில் விட்டேன், சுரீர் என்று சுட்டது, விரலும் துணியும் ஒன்றாகிவிட்டன.

நான்: அந்தப் பசை பருத்தியில் பட்டால் வேகமாக இறுகிச் சூடாகும் அக்கா. இழுக்காதே, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவை, மெதுவாக விடும். கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக்கிலும் அதை விடாதே, சுற்றிலும் வெள்ளையாகப் பூத்துவிடும்.

பெரியப்பா: பழைய மைதா பசையே போதும். புத்தகத்துக்கு அட்டை ஒட்டும்போது அதில் மயில்துத்தம் சேர்ப்போம், பூச்சி கிட்டே வராது.

லாஸ்பேட்டை அக்கா: மயில்துத்தம் விஷம் பெரியப்பா! பாப்பா விரல் எப்போதும் வாயில்தான். துணிக்கு ஊசி நூல், அட்டைக்கு வெள்ளைப் பசை போட்டு ராத்திரி முழுக்க விட்டுவிடுகிறேன்.

(இரண்டு நாள் கழித்து)

லாஸ்பேட்டை அக்கா: தொப்பி படம் அனுப்பியிருக்கிறேன், பாருங்கள். நம் தலைச் சுற்றளவு 56 செ.மீ. என்றால் விட்டம் ஏறக்குறைய 18, ஆறால் வகுத்தால் 3, பாட்டில் மூடி கச்சிதமாக இருக்கணும். சிவப்புத் துணி சுற்றி, பார்சல் டப்பாவின் கறுப்பு பிளாஸ்டிக்கில் முன்விளிம்பும் வைத்தேன். ஆனால் ராஜா தலையில் ஊறுகாய்க் கிண்ணம் கவிழ்த்த மாதிரி உட்கார்ந்திருக்கிறது!

மஞ்சக்குப்பம் சித்தி: 😂😂 உச்சந்தலையிலேயே நிற்கிறது.

முத்தியால்பேட்டை அத்தை: மரப்பாச்சிக்குத் தலை பெரிது, செதுக்கியவர் ஆறால் வகுக்கவில்லை. பாத்திரம் பண்டத்துக்குத்தான் என் கணக்கு, உடம்பில் போடுவதற்கு உடம்பையே அளக்க வேண்டும். தலை எவ்வளவு?

லாஸ்பேட்டை அக்கா: 4 செ.மீ. இருக்கும்.

முத்தியால்பேட்டை அத்தை: இருமல் மருந்தோடு வரும் அளவு மூடியை வைத்துப் பார், உயரத்தைப் பாதியாக வெட்டிவிடலாம்.

லாஸ்பேட்டை அக்கா: இங்கே இல்லை அத்தை. இதற்குள் ராணியும் போலீஸாம், கொண்டையை மறைக்கிற மாதிரி அவளுக்கும் ஒரு தொப்பி வேண்டுமாம்.

பெரியப்பா: என்னிடம் இரண்டு மூடி இருக்கின்றன. நாளைக்கு யாராவது வந்து வாங்கிப் போங்கள்.

மஞ்சக்குப்பம் சித்தி: மருந்து தீர்ந்துவிட்டதா மாமா?

பெரியப்பா: ஒன்றில் அரை பாட்டில் பாக்கி. ஸ்பூனில் ஊற்றிக் குடித்துக்கொள்கிறேன்.

முத்தியால்பேட்டை அத்தை: ஸ்பூனில் அளவு தப்பும் அண்ணே. ஒரு மூடி போதும், ராணி முறை வரும் வரை காத்திருக்கட்டும்.