நாளை வகுப்பு, 'டூ' 'டஸ்' யாருக்கும் ஏறவில்லை, உதவி தேவை

பனங்கிழங்கு:
வணக்கம், கொஞ்சம் அவசரம், நாளை மாலை வகுப்பு. அடிப்படை ஆங்கிலம் எடுக்கிறேன், பதினொரு பேர். மூன்று வாரமாக இந்த 'டூ', 'டஸ்' மட்டும்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. 'ஐ நோ ஹேவ் கார்', 'ஷி நோ ஒர்க் சண்டே' என்றுதான் பேசுகிறார்கள். பலகையில் எழுதிப் போட்டால் பார்த்து அழகாக எழுதுகிறார்கள், நோட்டை மூடியதும் பழையபடி 'நோ'. கேள்வி இன்னும் மோசம், 'யூ ஒர்க் டுமாரோ?' என்று குரலை மட்டும் ஏற்றி முடித்துவிடுகிறார்கள். வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எனக்கு ஆசிரியர் பயிற்சி எல்லாம் கிடையாது.

வேப்பமரத்தடி:
எத்தனாம் வகுப்புப் பிள்ளைகள்? தமிழ் வழி என்றால் 'வருகிறாயா' என்பதில் வாலில் ஒட்டும் 'ஆ' இருக்கிறதே, அதுதான் ஆங்கிலத்தில் 'டூ' ஆகித் தலைக்கு வந்து உட்கார்ந்துகொள்கிறது என்று சொல்லிப் பாருங்கள். என் ஆறாம் வகுப்பில் பாதிப் பேர் அன்றைக்கே பிடித்துக்கொண்டார்கள். மீதிப் பாதியைக் கேட்காதீர்கள்.

கணக்குப்பிள்ளை:
தமிழ்ப் பிள்ளை 'ஐ நோ ஹேவ் கார்' என்று சொல்லிக் கேட்டதில்லையே. நம் ஆள் 'ஐ ஆம் நாட் ஹேவிங் கார்' என்பான். இது வேறு ஊர் வாசனை. யாருக்குச் சொல்லித் தருகிறீர்கள் தம்பி?

பனங்கிழங்கு:
அடடா, சொல்லிவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள், பெரியவர்கள். நான் ஹூஸ்டனில் இருக்கிறேன், நூலகத்தில் வாரம் இரண்டு மாலை தன்னார்வ வகுப்பு. எனக்கு ஸ்பானிஷ் 'ஓலா', 'கிராசியாஸ்' அளவுதான்.

இலக்கணத்தச்சன்:
பெரும்பாலும் கேட்பவர்களுக்கே அடிப்படை இருப்பதில்லை என்பதை இங்கே பல முறை சொல்லிவிட்டேன். துணைவினை என்றால் என்ன, முற்றுவினை என்றால் என்ன என்று வரையறை கொடுத்தீர்களா? முதல் இரண்டு வாரம் வினை வகைகள், மூன்றாம் வாரம் காலங்களின் அட்டவணை, அதன் பிறகுதான் எதிர்மறை. அஸ்திவாரம் போடாமல் கூரை வேய்ந்தால் ஒழுகத்தான் செய்யும். நீங்களே ஒரு முறை இலக்கணம் படித்துவிட்டு வகுப்புக்குப் போவது மாணவர்களுக்குச் செய்யும் உபகாரம்.

மத்ரித்மருமகள்:
தச்சன் சார், காலை ஆறு மணிக்குக் கூரை ஏறி வெயிலில் ஓடு மாற்றிவிட்டு இரவு ஏழு மணிக்கு வந்து உட்காருகிறவரிடம் முற்றுவினைக்கு வரையறை கேட்டால் அடுத்த வாரம் நாற்காலிதான் வகுப்பைக் கேட்கும்.

பனங்கிழங்கு தம்பி, நான் மத்ரித்தில் ஒன்பது வருடமாகச் சின்ன வகுப்புகள் எடுக்கிறேன். ஸ்பானிஷில் எதிர்மறைக்கு வினைக்கு முன்னால் 'நோ' போட்டால் வேலை முடிந்தது. 'எய்யா த்ரபாஹா' அவள் வேலை செய்கிறாள், 'எய்யா நோ த்ரபாஹா' செய்வதில்லை. கேள்விக்கு எந்தச் சொல்லும் சேர்க்க வேண்டாம், 'த்ரபாஹாஸ் மன்யானா?', நாளை வேலை செய்கிறாயா, என்று குரல் ஏறினால் போதும். எழுத்தில் குரல் தெரியாதே, அதனால்தான் வாக்கியத் தொடக்கத்திலேயே தலைகீழ்க் கேள்விக்குறி போடுகிறார்கள், 1754இல் அவர்களுடைய மொழிக் கழகம் கொண்டுவந்த ஏற்பாடு அது. ஆக உங்கள் ஆட்கள் தப்பாக யோசிக்கவில்லை, ஸ்பானிஷில் யோசித்து ஆங்கிலச் சொல்லைப் போடுகிறார்கள். இன்னொன்று கேட்கிறேன், உண்மையைச் சொல்லுங்கள். "டூ என்றால் என்ன?" என்று யாராவது கேட்டார்களா? என்ன சொன்னீர்கள்?

கணக்குப்பிள்ளை:
எந்த நாட்டுக்காரர்கள் என்பதையும் சொல்லுங்கள். வெனிசுவேலா, கியூபா, ஓந்துராஸ் பக்கம் என்றால் சொல்லின் கடைசி 'ஸ்' பேச்சில் காற்றாகப் போய்விடும். அவர் 'ஷி ஒர்க்' என்றால் இலக்கணம் தெரியாமல் சொன்னாரா, வாயில் வராமல் விட்டாரா என்று முதலில் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் மருந்து வேறு.

ஈரோடுமஞ்சள்:
இலக்கணமே வேண்டாம் என்பது என் கருத்து. குழந்தை இலக்கணம் படித்தா பேசுகிறது? பேச விடுங்கள், தானாக வரும்.

இலக்கணத்தச்சன்:
தானாக வரும் என்பவர்களுக்கு: 1970களில் ஷூமன் என்ற ஆய்வாளர், அமெரிக்காவில் வேலை பார்த்த 33 வயதுக் கோஸ்டாரிகாக்காரர் ஒருவரைப் பத்து மாதம் தொடர்ந்து கவனித்தார். ஆய்வில் அவருக்கு ஆல்பெர்தோ என்று பெயர். பத்து மாத முடிவிலும் அவர் எதிர்மறை பெரும்பாலும் 'நோ' போட்டுத்தான். தானாக வரவில்லை. அஸ்திவாரம் வேண்டும் என்று நான் சொன்னது இதற்காகத்தான்.

மத்ரித்மருமகள்:
நல்ல உதாரணம், ஆனால் அதை அரைகுறையாகச் சொல்லாதீர்கள். ஷூமன் அவருக்கு எதிர்மறையைத் தனியாகச் சொல்லிக்கொடுத்தும் பார்த்தார். பயிற்சித் தாளில் சரியாகச் செய்தவர் பேச்சில் பழையபடி 'நோ' தான். உள்ளூர் ஆட்களோடு பழக்கமே இல்லாமல் அவர் ஒதுங்கி இருந்ததைத்தான் ஷூமன் பெரிய காரணமாகச் சொன்னார். உங்கள் அட்டவணையும் அவரைக் காப்பாற்றியிருக்காது.

வேப்பமரத்தடி:
தாய்மொழி மேலேயே எல்லாப் பழியையும் போடுவதும் சரியில்லை. 1974இல் டுலே, பர்ட் என்ற இருவர் ஸ்பானிஷ் பேசும் பிள்ளைகளையும் சீனம் பேசும் பிள்ளைகளையும் வைத்துப் பார்த்தபோது ஆங்கிலத்தின் ஒட்டுகள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே வரிசையில்தான் வந்தன. 'ஷி ஒர்க்ஸ்' என்பதில் வரும் 'ஸ்' எல்லோருக்கும் தாமதமாகத்தான் வரும். 'நோ' போடுவதும் அப்படித்தான், சீனத்துப் பிள்ளையும் முதலில் போடும். ஸ்பானிஷ்காரர் அதிலேயே கூடுதல் நாள் தங்கிவிடுகிறார், அவ்வளவுதான்.

பனங்கிழங்கு:
நாடு: ஓந்துராஸ் நான்கு, வெனிசுவேலா மூன்று, குவாத்தமாலா மூன்று, மெக்சிகோ ஒருவர். ஆமாம், 'டூ' என்றால் என்ன என்று முதல் நாளே கேட்டார்கள், கைபேசியில் பார்த்து 'அசேர்' என்று சொன்னேன். தப்பா?

மத்ரித்மருமகள்:
அங்கேதான் போச்சு. 'அசேர்' என்றால் செய்தல், தயாரித்தல். 'டூ யூ ஒர்க்?' என்றதும் அவர்கள் காதில் "செய் நீ வேலைசெய்" என்று விழுகிறது, மூளை அதைத் தள்ளிவிட்டு 'யூ ஒர்க்?' என்று சுருக்கிக்கொள்கிறது. இந்த 'டூ'வுக்கு அர்த்தமே கிடையாது. நானூறு வருடத்துக்கு முன்னால் ஆங்கிலேயனே 'எனக்குத் தெரியாது' என்பதற்கு 'ஐ நோ நாட்' (I know not) என்று 'டூ' இல்லாமல் பேசிக்கொண்டிருந்தான். மொழிபெயர்க்காதீர்கள், கேள்வி வருகிறது என்று அறிவிக்கும் மணி என்று சொல்லுங்கள். தலைகீழ்க் கேள்விக்குறியை வரைந்து, அதன் மேலேயே 'டூ' என்று எழுதுங்கள், சட்டென்று புரியும்.

அப்புறம் கஷ்டமாக இருந்தால் முதலில் 'ஐ ஹேவன்ட் காட் எ கார்' சொல்லிக்கொடுங்கள், 'டூ' தேவையே இல்லை. இங்கே பள்ளிகளில் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

கணக்குப்பிள்ளை:
டெக்சாஸில் போய் 'ஹேவன்ட் காட்' என்று சொன்னால் மேஸ்திரி திரும்பிப் பார்ப்பார். அங்கே எல்லோரும் 'டோன்ட் ஹேவ்' தான். பிரிட்டிஷ் சரக்கை ஹூஸ்டனில் இறக்க வேண்டாம் அக்கா.

மத்ரித்மருமகள்:
சரி, அதை விட்டுவிடுகிறேன். மணி விஷயத்தை விடமாட்டேன்.

ஆதிமொழியன்:
ஒன்றைக் கவனித்தீர்களா? ஸ்பானிஷில் 'மே குஸ்தா' என்றால் 'எனக்குப் பிடிக்கும்', நாம் சொல்லும் அதே அமைப்பு. வினை விகுதியிலேயே ஆள் தெரிவதால் 'நான்', 'நீ' இல்லாமலும் பேசலாம், அதுவும் நம்மைப் போல. அரிசிக்கு 'அர்ரோஸ்'. ஸ்பானிஷ் தமிழிலிருந்து பிறந்தது என்பதற்கு இன்னும் என்ன வேண்டும்?

வேப்பமரத்தடி:
ஐயா, ஸ்பானிஷ் லத்தீனிலிருந்து வந்தது, அதில் சண்டையே இல்லை. 'அர்ரோஸ்' அரபியின் 'அர்ருஸ்' வழியாக வந்தது. அதற்கும் முந்தைய கதை வேண்டுமானால் தனியாகப் பேசலாம். நம் பங்குக்கு மாங்காய் போர்ச்சுகீசியர் வழியாக 'மாங்கோ' ஆகிப் போயிருக்கிறது, அதோடு திருப்திப்படுங்கள். ஆனால் 'மே குஸ்தா' ஒற்றுமை நிஜம், தம்பிக்கு உதவும். 'ஐ லைக்' என்பதில் நமக்கு எங்கே இடறுமோ அங்கேதான் அவர்களுக்கும் இடறும்.

ஆதிமொழியன்:
அரபிக்கு யார் கொடுத்தார்கள் என்று யோசியுங்கள்.

(இதன் பிறகு பதினான்கு பதில்கள் அரிசியைப் பற்றியே. தாண்டிக்கொள்ளலாம்.)

கணக்குப்பிள்ளை:
அரிசி வேகட்டும். தம்பி, குவாத்தமாலாக்காரர்கள் மூவரிடமும் வீட்டில் என்ன மொழி என்று கேட்டீர்களா? அங்கே இருபதுக்கு மேல் மாயன் மொழிகள் இருக்கின்றன. மாம், கிச்சே பேசும் ஊர்க்காரர்களுக்கு ஸ்பானிஷே இரண்டாம் மொழி, மாம் மொழியில் வினைதான் முதலில் வரும். சிலருக்குப் பள்ளிப் படிப்பும் குறைவாக இருக்கலாம், பலகையைப் பார்த்து எழுதுவதே பெரும்பாடு. அவர்களை மற்றவர்களோடு ஒரே அளவுகோலில் வைக்காதீர்கள்.

இனி செய்முறை. நான்கு அட்டை வெட்டுங்கள்: 'ஷி', 'ஒர்க்', 'டோன்ட்', அப்புறம் கட்டைவிரல் அளவுக்கு ஒரு சின்ன அட்டையில் 'எஸ்' எழுத்து. முதல் நாள் 'எஸ்' பக்கமே போகாதீர்கள், 'ஷி'யை எடுத்துவிட்டு 'ஐ', 'யூ', 'வீ' வைத்து 'நோ' இருந்த இடத்தில் 'டோன்ட்' என்பதை ஒரே சொல்லாக வையுங்கள். 'டூ'வையும் 'நாட்'டையும் பிரித்துக் காட்டவே கூடாது. அது நாக்கில் உட்கார்ந்த பிறகு 'ஷி'. 'ஷி ஒர்க்' பக்கத்தில் சின்ன 'எஸ்' ஒட்டுங்கள். இப்போது நடுவில் 'டோன்ட்' நுழைந்தால், 'ஒர்க்' மேலிருந்த அதே 'எஸ்'ஸைக் கையால் பிடுங்கி 'டோன்ட்' மேல் வைத்து 'டஸன்ட்' என்று சொல்லுங்கள். 'ஒர்க்' மொட்டையாக நிற்க வேண்டும். நம்மிடம் இருப்பதே ஒரு 'எஸ்', இரண்டு பேருக்குப் பத்தாது என்று சைகையில் காட்டினால் போதும். 'ஷி டஸன்ட் ஒர்க்ஸ்' என்பது அங்கேயே செத்துவிடும்.

இலக்கணத்தச்சன்:
அட்டை விளையாட்டு எல்லாம் சரி. துணைவினைக் கருத்து புரியாமல் 'கேன்', 'வில்' வரும்போது என்ன செய்வார்?

கணக்குப்பிள்ளை:
'ஐ டோன்ட் கேன்' என்பார்கள், நான்கு வாரம் கழித்துத் திருத்திக்கொள்வார்கள். அது வழியில் வரும் ஊர்தான், வண்டி தடம் மாறவில்லை.

பனங்கிழங்கு:
நேற்று வகுப்பு முடிந்தது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஷிப்டுக்குக் கிளம்ப வேண்டும். அட்டை நன்றாக ஓடியது. சின்ன 'எஸ்'ஸை ஓந்துராஸ்காரர் ஒருவர் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு எல்லோரையும் கெஞ்ச வைத்தார், அரை மணி நேரம் அதிலேயே போயிற்று, ஆனால் ஏழு பேர் 'ஷி டஸன்ட் ஒர்க்' தானாகச் சொன்னார்கள். கேள்விக்கு மணி வரைந்தேன், பாதிதான். குவாத்தமாலா மூவரில் இரண்டு பேர் வீட்டில் மாம் தானாம், ஐந்து மாதமாக எனக்குத் தெரியவே இல்லை. இப்போது புதுப் பிரச்சினை, 'ஐ ஆம் டோன்ட் டயர்ட்' என்று 'டோன்ட்'டை எல்லா இடத்திலும் போடுகிறார்கள். எல்லோருக்கும் நன்றி.

மத்ரித்மருமகள்:
மகிழ்ச்சி தம்பி. 'டயர்ட்' பக்கம் வரும்போது அந்த அட்டைகளை மேசையிலிருந்தே எடுத்துவிடுங்கள். 'ஆம்', 'இஸ்', 'ஆர்' மூன்றுக்கும் நிறம் வேறு, சிவப்பு அட்டையில் எழுதி, சிவப்பு இருந்தால் 'டோன்ட்' உள்ளே வராது என்று வையுங்கள். 'ஐ ஹேவ் ட்வென்டி இயர்ஸ்', 'ஐ ஹேவ் ஹங்கர்' என்றும் சொல்கிறார்களா? வயதுக்கும் பசிக்கும் ஸ்பானிஷில் 'தெங்கோ', அதாவது இருக்கிறது. அதையும் சிவப்போடு சேர்த்தே எடுத்துவிடலாம், எழுதுங்கள்.

ஈரோடுமஞ்சள்:
பேச விட்டிருந்தால் போதும் என்று நான் முதலிலேயே சொன்னேன்.