டாக்கோவுக்கு எந்த ஊர் சொந்தம்? உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

சான் அன்டோனியோவிலிருந்து:

போன வாரம் ஒரு பிறந்தநாள் விருந்தில் நடந்த பேச்சுதான் இந்த இழையைத் தொடங்கக் காரணம். இதே டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டினிலிருந்து வந்திருந்த நம்மூர்த் தம்பி ஒருவர், "காலை டாக்கோ எங்க ஊர்ல பொறந்ததுதானே அக்கா" என்றார். டோர்ட்டியா என்கிற சப்பாத்தி போன்ற ரொட்டியில் முட்டை, பீன்ஸ் என்று எதையாவது வைத்து மடித்த காலை உணவு அது. பக்கத்தில் நின்ற உள்ளூர்ப் பெண்மணிக்கு அதை மொழிபெயர்த்தும் சொன்னார். அந்த அம்மாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். பதினோரு வருடத்துக்கு முன்னால் அதே வார்த்தையை நானும் ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன்.

நாங்கள் முதலில் இருந்தது ஆஸ்டினில். வேலைக்குச் சேர்ந்த முதல் வெள்ளிக்கிழமை, அலுவலக மேசையில் அலுமினியத் தாள் சுற்றிய டாக்கோக்கள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. எதற்குள் என்ன இருக்கிறது என்று தெரிய, ஒவ்வொன்றின் மேலும் மார்க்கர் பேனாவால் எழுத்து. உருளைக்கிழங்கும் முட்டையும் வைத்ததை எடுத்துப் பிரித்தேன். மெல்லிய மைதா டோர்ட்டியா, அதன் சூட்டில் இளகிய சீஸ், ஓரமாக ஊற்றிக்கொள்ளப் பச்சைச் சல்சா என்கிற காரச் சட்னி. இட்லி இல்லாத ஊரில் காலைக்கு இது போதும் என்று அன்றே முடிவு செய்தேன். அதனால் 2015ல் கணவருக்கு வேலை மாறி, 80 மைல் தெற்கே சான் அன்டோனியோவுக்கு வந்தபோது, புது அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரரிடம் ஆர்வமாகக் கேட்டேன்: "ஆஸ்டின்ல கிடைக்கற மாதிரி நல்ல காலை டாக்கோ இங்கே எங்கே கிடைக்கும்?"

அவருக்கு அப்போது அறுபதை நெருங்கும் வயது. ஊரின் மேற்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த மெக்சிக வம்சாவளிக்காரர். கோபப்படவில்லை. "நாளைக்கு நீ சாப்பாடு கொண்டு வராதே" என்று மட்டும் சொன்னார். மறுநாள் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். பீன்ஸும் சீஸும்தான், வேறொன்றும் இல்லை. ஆனால் அந்த டோர்ட்டியா கடையில் வாங்கியதல்ல. தடிமனாக, அங்கங்கே பழுப்புப் புள்ளியோடு, பிய்த்தால் இழை இழையாக வந்தது.

சில மாதம் கழித்து, 2016 பிப்ரவரியில், காலை டாக்கோவுக்கு ஆஸ்டின்தான் வீடு என்கிற மாதிரி இணையத்தில் ஒரு கட்டுரை வந்தது. சான் அன்டோனியோ கொதித்துப் போனது. எழுதியவரை டெக்சஸை விட்டே வெளியேற்றச் சொல்லி ஒரு மனு சுற்றியது. மார்ச்சில் ஆஸ்டின் மேயர் ஸ்டீவ் அட்லரும் எங்கள் மேயர் ஐவி டெய்லரும் உட்கார்ந்து, இரண்டு ஊரையும் இணைக்கும் நெடுஞ்சாலையின் பெயரால் 'ஐ-35 உடன்படிக்கை' என்று கையெழுத்துப் போட்டு இந்தச் சண்டையை முடித்தார்கள். வெளியூர்க்காரர்கள் இதை விளையாட்டுச் செய்தியாகப் படித்தார்கள். எங்கள் அலுவலகத்தில் அது விளையாட்டாக இல்லை.

அன்று மதியம் என் பக்கத்து மேசைக்காரர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அவர் பள்ளிக்கூடம் போனது 1960களில். அந்தக் காலத்து டெக்சஸ் பள்ளிகளில் ஸ்பானிஷ் பேசினால் அடி விழும். அவருடைய பாட்டி காலை நாலரை மணிக்கு எழுந்து மாவு பிசைந்து, கட்டட வேலைக்குப் போகும் தாத்தாவுக்கும் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கும் டாக்கோ கட்டிக் கொடுப்பாராம். மற்ற பிள்ளைகள் வெள்ளை ரொட்டி சாண்ட்விச் கொண்டுவருவார்கள். இவர் டாக்கோவைப் பையிலிருந்து வெளியே எடுக்காமலே, குனிந்து கடித்துக்கொள்வாராம். "நான் ஒளிச்சு வெச்சுச் சாப்பிட்டதை இப்போ இன்னொரு ஊர் கண்டுபிடிச்சேன்னு சொல்லுது" என்றார்.

தயிர் சாதத்தை டப்பா மூடியால் மறைத்துக்கொண்டு சாப்பிட்டதாக என் மகள் சொல்லியிருக்கிறாள். அதனால் அதற்கு மேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

சான் அன்டோனியோவுக்கு இதில் பழைய காயமும் உண்டு. 1880களிலிருந்து 1930களின் கடைசிவரை இந்த ஊர்ச் சதுக்கங்களில் மெக்சிகப் பெண்கள் பொழுது சாய்ந்ததும் விறகடுப்பு மூட்டி, விளக்கு வைத்து, இறைச்சியும் மிளகாயும் சீரகமும் போட்ட சில்லி கான் கார்னேயைக் கிண்ணத்தில் விற்றார்கள். 'சில்லி ராணிகள்' என்று பெயர். சுகாதார விதியைச் சொல்லி அவர்களை அப்புறப்படுத்தினார்கள். 1977ல் டெக்சஸ் அதே சில்லியைத் தன் மாநில உணவாக அறிவித்தது. சமைத்த கைகளை அகற்றிவிட்டுச் சமையலை மட்டும் வைத்துக்கொண்டால், அந்தப் பேத்திகளுக்குக் கோபம் வராதா?

தெற்கே இன்னும் போனால் இந்த இரண்டு ஊரையுமே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். எல்லை ஊரான லரேடோவில் காலை டாக்கோவுக்குப் பெயரே வேறு, 'மரியாச்சி'. ஒரு கடையில் நான் டாக்கோ என்று கேட்டதற்கு, பரிமாறிய பெண், "மரியாச்சியா?" என்று திருத்திவிட்டுத்தான் எழுதிக்கொண்டாள். உங்கள் ஊர்களில் எப்படி?

டென்வரிலிருந்து:

அக்கா, இங்கே சண்டை டாக்கோவுக்கு இல்லை, மிளகாய்க்கு. நான் ஆறு வருடம் நியூ மெக்சிகோவில் அல்புகர்க்கியில் இருந்துவிட்டுக் கொலராடோவுக்கு வந்தவன். இரண்டு பக்கமும் உப்புத் தின்றிருக்கிறேன்.

அல்புகர்க்கி போன முதல் நாள், உணவகத்தில் என்சிலாடா, அதாவது சுருட்டிய டோர்ட்டியா கேட்டேன். "ரெட் ஆர் கிரீன்?" என்றார் பரிமாறியவர். கேள்வியே புரியவில்லை. மேலே ஊற்றும் மிளகாய்ச் சாறு சிவப்பா பச்சையா என்று கேட்கிறார். இது அந்த மாநிலத்தின் அதிகாரபூர்வக் கேள்வி, சட்டமன்றமே அறிவித்தது. இரண்டும் வேண்டுமென்றால் 'கிறிஸ்துமஸ்' என்று சொல்ல வேண்டும். சிவப்பும் பச்சையும் ஒரே செடியின் காய்தான். பச்சையாகப் பறித்துச் சுட்டால் ஒன்று, பழுக்கவிட்டுச் சரமாகக் கட்டிக் காயவைத்தால் மற்றொன்று. நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் வறமிளகாயைப் பொடியாகத் தூவுவதில்லை. காம்பும் விதையும் நீக்கி, வெந்நீரில் ஊறவைத்து, பூண்டோடு அரைத்து, திப்பி இல்லாமல் வடிகட்டிக் கொதிக்கவிடுவார்கள். முழுக்க முழுக்க மிளகாயே குழம்பாக நிற்கும்.

நண்பர் வீட்டில் ஒருமுறை நான் செய்து காட்டுகிறேன் என்று இறங்கினேன். கை பழக்கத்தில் ஒரு கரண்டி சீரகத்தைப் போட்டுவிட்டேன். நண்பரின் அம்மா வாசம் பிடித்தே உள்ளே வந்துவிட்டார். "மகனே, சீரகம் போட்டால் அது டெக்சஸ். எங்கள் சிவப்புக்கு மிளகாய் போதும்" என்றார். சொன்ன விதத்தில் பாசம் இருந்தது, ஆனால் அந்தச் சட்டியை அவர் விருந்தாளிகளுக்கு வைக்கவில்லை. அடுத்த ஞாயிறு என்னைக் கூப்பிட்டு, முதலிலிருந்து கூடவே நிற்கவைத்துச் செய்யக் கற்றுக்கொடுத்தார்.

ஆகஸ்ட் கடைசியில் அங்கே இருந்தால்தான் தெரியும். கடை வாசல்களில் கம்பிவலை உருளையைச் சுழலவிட்டு, கீழே கேஸ் தீயைச் சீறவிட்டு, மூட்டை மூட்டையாகப் பச்சை மிளகாயைச் சுடுவார்கள். தோல் கருகிப் படபடவென்று வெடிக்கும். சூடாகவே பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். வீட்டுக்குக் கொண்டுபோனால் அந்த ஆவியிலேயே வியர்த்துத் தோல் உரியும். குடும்பமே மேசையைச் சுற்றி உட்கார்ந்து உரித்து, சின்னச் சின்னப் பையாகப் போட்டு உறைபெட்டியில் வருடம் முழுக்க வைத்துக்கொள்ளும். 2023ல் அந்த வாசனையையே மாநிலத்தின் அதிகாரபூர்வ வாசனையாகச் சட்டம் போட்டு அறிவித்தார்கள். கார் ஜன்னலைத் திறந்துவிட்டு அந்தத் தெருவில் ஒருமுறை போய்ப் பாருங்கள், சட்டம் சரி என்பீர்கள்.

டென்வருக்கு மாறிய முதல் இலையுதிர்காலத்தில், நியூ மெக்சிகோவின் ஹேட்ச் பள்ளத்தாக்கு மிளகாய் ஒரு மூட்டை காரில் ஏற்றி வந்து, பெருமையாகப் பக்கத்து வீட்டுக்காரருக்கும் கொடுத்தேன். அவர் குடும்பம் கொலராடோவின் பியூப்லோ ஊரைச் சேர்ந்தது என்று எனக்குத் தெரியாது. நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார். மாலை அவர் ஒரு பையோடு வந்தார். "இது என் மாமா தோட்டத்துது. ரெண்டையும் சேர்த்து சாப்பிட்டுப் பாருங்க" என்றார். பியூப்லோ மிளகாய் செடியில் வானத்தைப் பார்த்து நிற்கும், அதனால் அந்த வகைக்கு 'மிராசோல்', சூரியனைப் பார்ப்பது என்று பெயர். ஹேட்ச் கீழே தொங்கும். இதன் சதை தடிப்பு, சுட்டாலும் கரைவதில்லை. பன்றி இறைச்சியோடு மணிக்கணக்காகக் கொதிக்கும் கொலராடோ பச்சைக் குழம்புக்கு இதுதான் தாங்கும். தனியே கிழித்து முட்டையின் மேல் போட்டுச் சாப்பிட எனக்கு இன்றும் ஹேட்ச்தான்.

2019ல் இரண்டு ஆளுநர்களே மோதிக்கொண்டார்கள். ஒரு பெரிய கடைத்தொடரில் பியூப்லோ மிளகாய் விற்பனைக்கு வருகிறது என்று கொலராடோ ஆளுநர் ஜாரெட் போலிஸ் பெருமையாக எழுத, நியூ மெக்சிகோ ஆளுநர் மிஷெல் லுஹான் கிரிஷம் சூடாகவே பதில் கொடுத்தார். அதைப் பலரும் வேடிக்கை பார்த்தார்கள். ஆனால் ஹேட்ச் இரண்டாயிரம் பேர்கூட இல்லாத ஊர். வெளியில் விளைந்ததை நியூ மெக்சிகோ மிளகாய் என்று விற்கக் கூடாதென்று அங்கே சட்டமே உண்டு. பெயர் போனால் விவசாயி பிழைப்பு போகும். என் பக்கத்து வீட்டுக்காரரின் மாமாவுக்கும் அதே கதைதான். இதில் நான் யார் பக்கமும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சான் டியேகோவிலிருந்து:

நான் சுருக்கமாகச் சொல்கிறேன். படித்தது சான் பிரான்சிஸ்கோ பக்கம், இப்போது இருப்பது சான் டியேகோ. ஒரே மாநிலம், புரிட்டோ விஷயத்தில் வேறு வேறு நாடு.

சான் பிரான்சிஸ்கோவின் மிஷன் பகுதிப் புரிட்டோ கைக்குழந்தை கனம் இருக்கும். டோர்ட்டியாவை ஆவியில் இளக்கி, சோறு, பீன்ஸ், இறைச்சி, சல்சா எல்லாம் வைத்து, அலுமினியத் தாளில் இறுக்கிச் சுற்றுவார்கள். முதலில் செய்தது யார் என்று அந்த ஒரே பேட்டைக்குள்ளேயே இரண்டு கட்சி. எல் ஃபாரோ 1961 என்கிறது, லா கும்ப்ரே 1969 என்கிறது. 2014ல் ஒரு செய்தித் தளம் நாடு முழுக்கச் சுவைத்துப் பார்த்து நடத்திய போட்டியில் ஜெயித்தது அதே பேட்டையின் லா டக்கேரியா. அவர்கள் சோறே வைக்க மாட்டார்கள். அந்த முடிவு வந்த வாரம் எங்கள் அறையில் நண்பர்கள் இருவர் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

சான் டியேகோ வந்து, 'கலிபோர்னியா புரிட்டோ' வாங்கினேன். உள்ளே தீயில் வாட்டிய மாட்டிறைச்சி, சீஸ், உருளைக்கிழங்கு வறுவல். சோறு எங்கே என்று கேட்டேன். கவுண்டரில் நின்ற பெரியவர் கையால் தெற்கைக் காட்டி, "மெக்சிகோவின் டிஹுவானா இங்கேயிருந்து அரைமணி நேரம். நல்ல கறி இருக்கும்போது வயிற்றை ஏன் சோற்றால் நிரப்பணும்?" என்றார். அன்றிரவு கடற்கரையில் உட்கார்ந்து அதைச் சாப்பிட்டு முடித்தேன். வறுவலின் உப்பும் கறியின் சாறும் சேர்ந்தது. அதற்குப் பிறகு வடக்கே போனால்தான் சோறு போட்டது சாப்பிடுகிறேன்.

ஹூஸ்டனிலிருந்து:

எல்லோரும் ருசி சொல்லிவிட்டீர்கள், சைவக்காரர்களுக்காக ஒரு வார்த்தை. நான் இரண்டு வருடம் பீன்ஸ் டாக்கோ சைவம் என்று நம்பிச் சாப்பிட்டேன். மசித்த பீன்ஸில் பல இடங்களில் பன்றிக் கொழுப்பு இருக்கும், மைதா டோர்ட்டியா மாவிலும் இருக்கும், சிவப்புச் சோறு கோழிச் சாற்றில் வெந்திருக்கும். ஒரு உணவகத்தில் "மாமிசம் இல்லை" என்று உறுதியாகச் சொன்னார்கள். பிறகு சமையலறையில் இருந்தவரிடம் தனியாகக் கேட்டபோதுதான் தெரிந்தது. அன்று அம்மாவும் என்னோடு இருந்தார், அது எனக்கு இன்னும் ஆறவில்லை. கேட்க வேண்டிய சொல் 'மாண்டெகா', ஸ்பானிஷில் பன்றிக் கொழுப்பு. "மாண்டெகா இருக்கா?" என்று கேளுங்கள், பளிச்சென்று பதில் வரும்.

சான் அன்டோனியோவிலிருந்து:

மாண்டெகா பற்றிச் சொன்னதற்கு நன்றி தங்கச்சி. என் மேசைக்காரரும் அதைத்தான் முதலில் சொன்னார், பிறகு எனக்காகத் தாவரக் கொழுப்பில் செய்யக் கற்றுக்கொடுத்தார். டோர்ட்டியா செய்முறை இதோ: மைதாவில் உப்பு, ஒரு சிட்டிகை பேக்கிங் பவுடர் போட்டு, கொழுப்பை முதலில் விரலால் தேய்த்து மணல் மாதிரி ஆக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் வெந்நீர். உருண்டை பிடித்து, ஈரத்துணி மூடி அரைமணி நேரம் விட வேண்டும். இல்லையென்றால் தேய்க்கத் தேய்க்கச் சுருங்கும். நடுவிலிருந்து வெளியே தேய்த்துக் கால் சுற்று திருப்பிக்கொண்டே போக வேண்டும். 'கோமால்' என்கிற இரும்புக் கல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், எண்ணெய் வேண்டாம்.

அவர் போன வருடம் ஓய்வு பெற்றார். கடைசி நாள் என் கையில் பாட்டியின் தேய்ப்புக் கட்டையைக் கொடுத்தார். கைப்பிடி கிடையாது, ஒரு பழைய துடைப்பக் கம்பிலிருந்து தாத்தா அறுத்துக் கொடுத்ததாம். நடுவில் கொஞ்சம் தேய்ந்து பள்ளமாயிருக்கிறது. ஊரிலிருந்து கொண்டுவந்த என் பூரிக்கட்டையை அவருக்குக் கொடுத்தேன். நேற்று தொலைபேசியில் கூப்பிட்டு, "உன் கட்டை ரொம்ப கனம், டோர்ட்டியா கிழியுது, எப்படிப் பிடிக்கணும்?" என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை போகிறேன்.