நங்கூர வடிவப் பழைய புத்தகத் தாங்கிகளைப் புளியிட்டுத் துலக்கலாமா?

கேள்வி (இராயபுரம்):
துறைமுகத்தில் பணியாற்றிய என் தந்தையார் பழைய மூர் மார்க்கெட்டில் வாங்கிய ஒரு ஜோடி உலோகப் புத்தகத் தாங்கிகள் எங்கள் வீட்டில் இருக்கின்றன. கயிறு சுற்றிய நங்கூர வடிவம். 1985-இல் அந்தச் சந்தை எரிவதற்கு முன் வாங்கியவை என்பது மட்டும் உறுதி. இப்போது கயிற்று முறுக்குகளுக்கிடையே பச்சைக் களிம்பும், அடித்தகட்டின் ஓரத்தில் செந்துருவும் தெரிகின்றன. பூசைச் சாமான்களைப் போலப் புளி போட்டுத் துலக்கலாம் என்கிறார் என் மாமியார். செய்யலாமா? இவை முழுப் பித்தளைதானா?

பதில் (பழைய வண்ணாரப்பேட்டை):
அம்மா, தயவுசெய்து புளி வேண்டாம். செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளையில் களிம்பு ஏறுமே தவிரத் துரு பிடிக்காது; ஆகவே துரு இருந்தால் எங்கோ இரும்பு இருக்கிறது. ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். நங்கூரத்திலும் ஒட்டினால் அது பித்தளை முலாம் பூசிய வார்ப்பிரும்பு. அடியில் மட்டும் ஒட்டினால், பித்தளை நங்கூரத்தை இரும்புத் தகட்டில் பொருத்தியிருக்கிறார்கள். முலாம் மிக மெல்லியது, தேய்த்தால் போய்விடும். முழுப் பித்தளையானாலும் நான் செய்த தவற்றைச் செய்யாதீர்கள். என்னிடமிருந்த பாய்மரக் கப்பல் ஜோடியைப் புளியில் ஊறவைத்துத் தேய்த்தேன். பாய்களின் மடிப்புகளை எடுத்துக்காட்டிய கருமை முழுவதும் போய், அங்கங்கே செம்பு நிறத் திட்டுகள் தோன்றிவிட்டன. பழம்பொருள் சேகரிப்பவர்கள் முதலில் பார்ப்பது அந்தக் கருமையைத்தான். மென்மையான தூரிகையால் களிம்பை உலர்வாகவே தட்டி எடுங்கள். துருவை மட்டும் மண்ணெண்ணெய் தொட்ட பஞ்சால் துடைத்து, நன்கு உலர்ந்தபின் மெல்லிய மெழுகு பூசுங்கள்.

பதில் (காசிமேடு):
கயிறு சுற்றிய நங்கூரம் பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையின் பழைய சின்னம். ஆனால் அதே வடிவில் இன்றும் வார்க்கிறார்கள் என்பதால், வடிவத்தை வைத்து வயதைச் சொல்ல முடியாது. திருகாணியைக் கவனியுங்கள். கூட்டல் குறிப் பள்ளமுள்ள திருகாணிகள் 1930-களில்தான் புழக்கத்துக்கு வந்தன. ஒற்றைக் கோட்டுப் பள்ளமானால் பழையதாக இருக்க வாய்ப்புண்டு, அவ்வளவே. நம் பக்கத்து உப்புக்காற்றின் ஈரம் படும்போது, பித்தளையோடு ஒட்டியிருக்கும் இரும்பு தனியாக இருப்பதைவிட விரைவாக அரிக்கும். கடலைப் பார்த்த ஜன்னலருகே வைக்காதீர்கள்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. காந்தம் அடித்தகட்டில் மட்டும் ஒட்டியது. திருகாணித் தலைகளில் ஒற்றைக் கோடுதான் இருக்கிறது. ஜன்னலோரத்திலிருந்து உள்ளறை அலமாரிக்கு மாற்றிவிட்டேன்.